எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் போதுமா?

அப்பாவுக்கு 58 வயது, 30 ஆண்டுகளாகத் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட், இருமல் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை, நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனையை இத்துடன் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். சிறிய கட்டிகள் எக்ஸ்ரேயில் விலா எலும்புக்கும் இதயத்துக்கும் பின்னால் மறைந்துவிடும். அவருக்குத் தேவை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், அதுவும் ஆண்டுதோறும். 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன.

அறிக்கையில் ஏதோ புள்ளி என்று வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சில மாதங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சளியில் ரத்தமோ காரணமில்லாத எடைக் குறைவோ தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகைப்பழக்கத்தைக் கைவிடவும் அந்த மருத்துவரிடமே உதவி கேளுங்கள், அதற்கு மாத்திரைகள் இருக்கின்றன.