கேபிளை நிறுத்திவிட்டு நெட்டில் டிவி பார்க்கலாமா? சில கேள்விகள், பதில்கள்

ஏற்கெனவே இரண்டு ஓடிடிக்குப் பணம் கட்டுகிறேன். லைவ் டிவி சந்தா என்று தனியாக ஒன்று எதற்கு?

ஓடிடி ஒரு கிடங்கு மாதிரி. படமும் தொடரும் அடுக்கி வைத்திருப்பார்கள், வேண்டியபோது எடுத்துக்கொள்வீர்கள். லைவ் டிவி சந்தாவில் சேனல்கள் கேபிளில் ஓடுவது போலவே ஓடிக்கொண்டிருக்கும், ஒன்பது மணிச் செய்தி ஒன்பது மணிக்குத்தான் வரும். உள்ளே நடக்கும் வியாபாரமும் பழையதுதான். ஒரு நிறுவனம் சேனல்களுக்குக் காசு கொடுத்து, தொகுப்பாகக் கட்டி, நம்மிடம் விற்கிறது. அதனால்தான் இங்கேயும் விலை ஏறும், வேண்டாத இருபது சேனல் கூடவே வரும், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பேரம் படியவில்லை என்றால் நேற்றுவரை வந்த சேனல் இன்று காலையில் இருக்காது. மாறியிருப்பது கம்பி மட்டும்தான்.

அப்படியானால் காசு மிச்சமாகுமா, ஆகாதா?

வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வாரம் டிவி பக்கத்தில் ஒரு தாளை வைத்து, வீட்டில் யார் எந்தச் சேனலைப் போட்டாலும் எழுதச் சொல்லுங்கள். நூறு சேனலுக்குக் கட்டுகிறவர்கள் தாளில் பத்துகூடத் தேறாது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சந்தாக்களைப் பாருங்கள், விளம்பரத்தில் இருக்கும் சேனல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பட்டியலில் முக்கால்வாசி சாதாரண ஆன்டெனாவிலேயே இலவசமாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பலர் இதை மறந்தே போகிறார்கள்.

இன்னொன்று. கேபிளையும் நெட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்கியிருந்தால், கேபிளை நிறுத்தியதும் நெட்டுக்கான தள்ளுபடி போய்விடலாம். அவர்களுக்கு போன் செய்து, "நெட் மட்டும் என்றால் மாதம் எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையோடு சந்தாவைக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எவ்வளவு வேகம் வேண்டும்? டேட்டா தீர்ந்துவிடுமா?

ஒரு டிவியில் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும். நிலையாக என்பதுதான் முக்கியம், 100 எம்பிபிஎஸ் திட்டம் போட்டிருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்குத் தள்ளாடினால் பிரயோசனமில்லை. டேட்டா கணக்கு எளிது: 5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 340 ஜிபி அளவுக்குப் போகும். இது ஒரு டிவிக்கு. கேபிள் இருக்கும் வீட்டில் யாரும் பார்க்காமலேயே டிவி ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பழக்கம் இங்கே டேட்டாவைத் தின்றுவிடும். உங்கள் திட்டத்துக்கு மாத வரம்பு இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் கோல் என்று கத்துகிறார்கள், எங்கள் டிவியில் பந்து இன்னும் நடு மைதானத்தில் இருக்கிறது. நெட் சரியில்லையா?

நெட் நன்றாகவே இருக்கலாம். இந்த முறையே அப்படித்தான். லைவ் ஒளிபரப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் நெட்டில் அனுப்புகிறார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறை இன்றுவரை பரவலாக ஓடுகிறது, அதில் ஒரு துண்டுக்கு அவர்கள் பரிந்துரைப்பது 6 வினாடி. உங்கள் டிவி வழக்கமாக மூன்று துண்டுகளையாவது கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அங்கேயே 18 வினாடி போயிற்று. அதற்கு முன்னால் படத்தைச் சுருக்குவது, பல சர்வர்களுக்கு அனுப்புவது என்று இன்னும் கொஞ்சம் சேரும். ஆக அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். தாமதத்தைக் குறைக்கும் வடிவத்தை ஆப்பிளே 2019இல் அறிவித்தது, ஆனால் எல்லா ஆப்பும் அதைப் பயன்படுத்துவதில்லை.

சரி, கையிருப்பைக் குறைத்துவிட்டால்? குறைக்கலாம், ஆனால் நெட் ஒரு நொடி தடுமாறினாலும் படம் நிற்கும். சினிமா என்றால் ஆப் சில நிமிடத்துக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். லைவில் இன்னும் நடக்காத ஆட்டத்தை எங்கிருந்து இறக்குவது? அதனால்தான் படம் பார்க்கும்போது சுற்றாத அதே நெட், மேட்ச் பார்க்கும்போது சுற்றுகிறது. ஒரு இறுதி ஆட்டத்தின் முடிவை வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். இப்போது மேட்ச் அன்று போனைச் சைலண்டில் போட்டு அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கூச்சலுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு டிவிக்கு லேன் கேபிள் போட்டுவிடுங்கள், தாமதம் குறையாவிட்டாலும் சுற்றுவது நன்றாகவே குறையும்.

டிவியில் தெளிவாக வருகிறது, அதே சந்தாவில் மலிவான டேப்லெட்டில் மங்கலாக இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் வைட்வைன் பாதுகாப்பு நிலை. வைட்வைன் என்பது படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் தடுக்கும் கூகுளின் பூட்டு. அதில் மேல் நிலையான எல்1 இருக்கும் கருவிக்கு ஹெச்டி கொடுப்பார்கள், கீழ் நிலையான எல்3 மட்டும் இருந்தால் பல சேவைகள் எஸ்டியோடு, அதாவது தெளிவு குறைந்த படத்தோடு, நிறுத்திக்கொள்ளும். செட்டிங்கில் எதை மாற்றினாலும் இது சரியாகாது.

மூன்று டிவி இருக்கிறது. ஒரு சந்தா போதுமா?

ஒரே நேரத்தில் எத்தனை திரை என்று சேவைக்குச் சேவை மாறும். பணம் கட்டும் முன் இதைத் தேடிப் படியுங்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வீட்டுக்குத்தான் சந்தா என்று இடத்தைச் சரிபார்க்கும் சேவைகள் உண்டு.

ரெக்கார்ட் செய்ய முடியுமா?

பலவற்றில் முடியும். ஆனால் அது உங்கள் வீட்டுப் பெட்டியில் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கும். அமெரிக்காவில் கிடைக்கும் யூடியூப் டிவி என்ற லைவ் டிவி சந்தாவில் இடத்துக்கு வரம்பு கிடையாது, ஆனால் 9 மாதம் கழிந்தால் அழிந்துவிடும். சந்தாவை நிறுத்தினால் ரெக்கார்டிங்கைப் பார்க்க முடியாது.

அம்மாவுக்கு எழுபது வயது. ரிமோட்டில் சேனல் எண்ணை அழுத்திப் பழகியவர். அவரால் சமாளிக்க முடியுமா?

இதைக் கேட்டதற்கு நன்றி, விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. பெரும்பாலான ஆப்பில் 27 என்று அழுத்தினால் ஒன்றும் நடக்காது. டிவியைப் போட்டு, ஆப்பைத் திறந்து, யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, அப்புறம் அம்புக்குறியால் சேனலைத் தேடிப் போக வேண்டும். நடுவில் ஆப் அப்டேட் ஆகி முகப்பே மாறிவிட்டால் எழுபது வயதுக்காரர் என்ன, எனக்கே எரிச்சல் வரும். அவர் பார்க்கும் சேனல்களை ஃபேவரிட்டில் முதலில் வையுங்கள், டிவியைப் போட்டதும் அந்த ஆப்பே திறக்கும்படி அமைக்க முடிகிறதா பாருங்கள். கேபிளை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். அந்த மாதத்தில் நீங்கள் வீட்டில் இல்லாத நாட்களில் அம்மா எந்த ரிமோட்டைக் கையில் எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.