பிழைக்க வந்தவர் எழுதிய மூன்று நோட்டுகள்

கேள்வி: என் மாமனார் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1972-இல் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டார். தம் வாழ்க்கையை மூன்று நோட்டுகளில் எழுதி வைத்துக்கொண்டு, அச்சிட்டுத் தரும்படி கேட்கிறார். வந்து இறங்கிய நாளில் கையில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலே ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. அதன் நகலை இணைத்திருக்கிறேன். பிழைக்க வந்த ஒருவரின் கதையைப் படித்து யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: 'பயன்' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நிற்கும் 'பிழைக்க வந்த' என்பதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. பிழைத்தல் என்றால் உயிர் தப்பி வாழ்தல். பிழைத்தல் என்றால் தவறு செய்தலும்தான். நம் மாவட்டத்தில் தெருக்குழாயடியில் சண்டை மூண்டால், 'பிழைக்க வந்த ஆளுக்கு இவ்வளவு வாயா' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எதிரில் நிற்பவர் ஐம்பது ஆண்டு அந்தத் தெருவில் குடியிருந்தவராயினும் அவருடைய நியாயம் அதோடு முடிந்துபோகிறது. அவர் என்ன தவறு செய்தார் என்று எவரும் கேட்பதில்லை. வந்ததே தவறு என்பதுபோல அந்தச் சொல் தீர்ப்பையும் சேர்த்தே வழங்கிவிடுகிறது.

இந்த மதுரைக்குப் பிழைக்க வந்தவர்களில் நாம் எல்லோரும் அறிந்தவன் கோவலன். பூம்புகாரில் பொருளையெல்லாம் தொலைத்து, மனைவியின் சிலம்பை விற்று அதை முதலாக வைத்துத் தொழில் தொடங்கலாம் என்று நடந்தே வந்தவன் அவன். ஊருக்குப் புதியவன், கையில் விலையுயர்ந்த பொருள், கூட ஒரு பொற்கொல்லனின் சொல். கொல்லச் சொல்வதற்கு அரசனுக்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது. அவன் யார், எந்த ஊரான், அந்தச் சிலம்பு அவன் கைக்கு எப்படி வந்தது என்ற மூன்று கேள்விகளையும் மதுரையில் எவரும் அவனிடம் கேட்கவில்லை. அவற்றுக்கான விடையைப் பிறகு கண்ணகி வந்து சொல்கிறாள்: தன் ஊர், கணவனின் குலம், வந்த காரணம், தன் பெயர். 'வாழ்தல் வேண்டி' உன் நகருக்குள் வந்தான் என்பது அவள் வாக்கு. இளங்கோவடிகள் அந்த இடத்தில் வாழ்தல் என்ற சொல்லைத்தான் வைத்தார். பிழைத்தல் என்ற சொல்லையோ காப்பியத்தின் தொடக்கத்திலேயே அரசியல் பிழைத்தோருக்கு, அதாவது முறை தவறிய அரசர்களுக்குக் கொடுத்துவிட்டார். வந்தவனுக்கு வாழ்தல், விசாரிக்காதவனுக்குப் பிழை. உங்கள் கேள்விக்கு என் விடையும் அந்த அவையில்தான் இருக்கிறது. வந்தவரின் கதை எல்லாரையும்விட முதலில் தேவைப்படுவது, அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவருக்கு. கண்ணகி சொன்னதை அரசன் ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் மூன்று உயிர்கள் நின்றிருக்கும்.

உங்கள் மாமனாரை அரசு ஏடுகள் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதின. இந்தச் சொல்லோடு எனக்குப் பல ஆண்டுகளாக வழக்கு உண்டு. ஹட்டனில் பிறந்து, அங்கேயே கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்து, ராமேசுவரம் கரையை அதற்கு முன் கண்ணால் கண்டிராத ஒருவர் எங்கே திரும்பினார்? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பாத்திரம் பண்டங்களை எழுதுவதுபோல மனிதர்கள் எழுதப்பட்டார்கள். அந்த ஆறு இலக்க எண்களுக்குள் ஒரே ஒரு எண்ணாக இருந்தவர், தாம் யார் என்று தம் கைப்பட மூன்று நோட்டு எழுதியிருக்கிறார். அதை அச்சிடலாமா என்று நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்.

நீங்கள் குறையாகச் சொன்ன அந்தப் பட்டியலை நான் நான்கு முறை படித்தேன். கறுப்புக் கம்பளி இரண்டு. தேயிலை இரண்டு ராத்தல். தையல் மெஷினின் தலை மட்டும், பலகை இல்லாமல். மாரியம்மன் படம், கண்ணாடி உடைந்தது. கவ்வாத்துக் கத்தி ஒன்று. இந்தக் கடைசிப் பொருளில் என் மனம் நின்றுவிட்டது. கவ்வாத்து என்றால் முற்றிய தேயிலைச் செடியை, அது மீண்டும் தளிர்க்கும்படி அளவாக வெட்டிவிடும் வேலை. வெட்டு சாய்வாகவும் பிளவின்றியும் விழ வேண்டும். கை தவறினால் செடி வீணாகும். நல்ல கவ்வாத்துக்காரருக்குத் தோட்டத்தில் தனி மதிப்பு உண்டு. அப்படியொரு கைத்திறனைத் துணியில் சுற்றிக்கொண்டு, தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத, வானம் பார்த்த உசிலம்பட்டிச் சீமையில் ஒரு மனிதர் வந்து இறங்குகிறார். அந்தக் கத்தியால் இங்கே அவர் எதை வெட்டினார் என்று இரண்டாவது நோட்டில் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். அரசு ஏடுகளில் அந்தக் கத்தி இராது. அதை எழுத அவர் ஒருவரால்தான் முடியும்.

இனி, பயன். பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவர்களுக்கு அடுத்தபடியாக நான் நினைப்பது உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பழைய குடும்பங்களை. மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் வம்சாவளி சொல்லும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் பெயரைச் சொல்லி, நாலாவது ஆளுக்கு வரும்போது, 'அவர் கண்டிச்சீமைக்குப் போனார், வரவில்லை' என்று நிறுத்துவார்கள். இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு அவர்கள் வழக்கில் அதுதான் பெயர். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு, என் அப்பத்தாவின் அண்ணன். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவரோடு, இலங்கைக்குப் போவோரைத் தங்க வைத்த மண்டபம் முகாம் வரை போனது தெரியும், அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது தெரியும். 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் அந்தக் கடிதத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அப்பத்தா அதை அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில் சாகும்வரை வைத்திருந்தார். மஞ்சள் படிந்து எழுத்தே மங்கிப்போயிருந்தது. போனவர்கள் நல்லதை மட்டும் எழுதினார்கள், அல்லது யாரையாவது விட்டு எழுதச் சொன்னதால் உள்ளதைச் சொல்லக் கூசினார்கள். அந்தக் கடிதங்களில் எழுதப்படாமல் நின்றதைத்தான் உங்கள் மாமனார் இப்போது எழுதியிருக்கிறார். போனவர் வரலாறு இல்லாமல் தவிக்கும் வீடுகளுக்கு, வேறொரு வீட்டுக்காரரின் வரலாறும் ஆறுதல் தரும்.

ஆயினும் இந்தப் புத்தகத்தை முதலில் யார் கையில் கொடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், இன்று மதுரையில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் கொடுப்பேன். பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற பையன் அசாமிலிருந்து வந்திருக்கிறான், கட்டட வேலையில் சாரத்தின் மேல் நிற்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருக்கிறார். அவர்களில் பலருக்குக் கடையில் ஒரு பெயர் வைத்துவிடுகிறோம், அல்லது பெயரே கேட்காமல் 'இந்திக்காரன்' என்று நிறுத்திக்கொள்கிறோம். எட்டுப் பேருக்கு ஓர் அறை, அதற்கும் சம்பளத்தில் பிடித்தம். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே அடைந்து கிடந்ததையும், கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுப் பாதி நாள் கூலியை வெட்டியதையும் தமிழரான ஒருவர் தமிழில் எழுதியிருப்பதைப் படிக்கும் முதலாளி, மறுநாள் காலையில் தம் கடைப் பையனின் ஊரையும் பெயரையும் கேட்கக்கூடும். ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள் பல ஆண்டுகளாக முகாமில் இருக்கிறார்கள். 2021-இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியதை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் பக்கத்துத் தெருவில் இருப்பவர் அந்த மக்களின் கதை ஒன்றையாவது அறிந்துகொள்ளும்வரை, பெயர்ப் பலகையால் மட்டும் அவர்கள் நமக்கு அண்டை வீட்டாராகிவிட மாட்டார்கள்.

அச்சிடும்போது ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். இப்படிப்பட்ட கையெழுத்துப் படிகளை 'நல்ல தமிழுக்கு' மாற்றித் தருகிறேன் என்று சிலர் முன்வருவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில் இதற்காக ஓர் அறிஞரோடு நான் வெளிப்படையாகவே மோதியிருக்கிறேன். மலையகம் என்னும் இலங்கைத் தோட்டப் பகுதியின் சொற்களைக் கொச்சை என்றார் அவர். பிரட்டுக்களம் என்பதை 'தொழிலாளர் கூடுமிடம்' என்று திருத்தினால், விடியற்காலைக் குளிரில் கொம்பு ஊதியதும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வரிசையில் நின்ற கூட்டம் காணாமல் போய்விடும். துண்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்கு அதுதான் பெயர். 1921-இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அந்தச் சொல்லும் போய்விட்டால், ஒரு மனிதரை ஒரு காகிதத் துண்டில் அடக்கி வைத்திருந்த காலம் நம் மொழியில் தடமில்லாமல் போகும். சொற்களை அவர் எழுதியபடியே விடுங்கள். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துங்கள், அதுவும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

முதல் நோட்டில், தம் தாத்தா எந்த ஊரிலிருந்து கண்டிச்சீமைக்குப் போனார் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால், அச்சகத்துக்குப் போகும் முன்பு அந்த ஊரின் பெயரை அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.