வாசகர் கேள்வி: லெட் செப்பலினின் கடைசி இசைத்தட்டு

கேள்வி: அண்ணர் எனக்கு விட்டுச்சென்ற ஒலிநாடாக்களுள் பிரித்தானிய றொக் இசைக் குழுவான லெட் செப்பலினின் ‘இன் த்றூ த அவுட் டோர்’ தொகுப்பும் ஒன்று. முன்பெல்லாம் முழங்கிய கிற்றார் இதில் ஒதுங்கியிருக்க, சிந்தசைசர் என்ற மின்னணு விசைப்பலகைக் கருவியே எங்கும் கேட்கிறது. அக்காலத்து மோகத்துக்கு அவர்கள் இணங்கிப் போனார்களா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. 1979 ஓகஸ்ட்டில் இத்தொகுப்பு வெளிவந்த வேளையில் சிந்தசைசர் இசை தலையெடுத்திருந்தது உண்மையே. ஆனால் கிற்றார் ஒதுங்கிய காரணத்தை, 1978இன் இறுதியில் சுவீடனின் ஸ்டொக்ஹோமில், அந்நாட்டுப் பொப் இசைக் குழுவான அபாவின் போலார் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தவற்றில் தேட வேண்டும். பாடகர் றொபேட் பிளான்றும் பேஸ் கிற்றாரும் விசைப்பலகையும் வாசிக்கும் ஜோன் போல் ஜோன்ஸும் நேரத்துக்கே வந்து வேலையைத் தொடங்கிவிட, கிற்றார்க் கலைஞர் ஜிம்மி பேஜும் ட்ரம்ஸ் கலைஞர் ஜோன் பொனமும் இரவில் பிந்தியே வந்து சேர்ந்தனர். ஜோன்ஸிடமோ யமஹா ஜீஎக்ஸ் 1 என்ற, அடுக்கடுக்கான விசைப்பலகைகளும் கால்விசைகளும் கொண்ட பெரிய சிந்தசைசர் புதிதாக வந்திருந்தது. முதலில் வந்தவர்களின் கையில் பாடல்கள் உருவாகின. ஏழு பாடல்களுள் இரண்டில் ஆக்கியோர் வரிசையில் பேஜின் பெயரே இல்லை. அவர்களது சொந்தப் பாடல்களில் அதுவரை அப்படி நேர்ந்ததில்லை.

அவ்விரண்டில் ஒன்றான ‘ஓல் மை லவ்’ பாடலை அமைதியான ஓர் இரவில் கேட்டுப் பாருங்கள். 1977இல் ஐந்தே வயதில் இறந்த தம் மகனை நினைந்து பிளான்ற் பாடியது அது. அதன் நடுவே கிற்றார் வர வேண்டிய இடத்தில் ஜோன்ஸின் சிந்தசைசர் தனித்து ஒலிக்கிறது. ஒரு தகப்பனின் துயரத்துக்கு அந்த மென்மையே பொருந்துகிறது என்பேன்.

தாளமோ அங்குலமும் தளரவில்லை. ‘ஃபூல் இன் த ரெய்ன்’ பாடலின் இடையில் விசில் ஊதப்பட்டு பிரேசிலின் சம்பா தாளம் புகுந்து, மீண்டும் பழைய நடைக்குத் திரும்பும்வரை பொனமின் பிடி விலகுவதேயில்லை. நம் மட்டக்களப்புக் கூத்துக்களரியில் தாளக்கட்டு மாறும்போது ஆட்டக்காரரை அண்ணாவியாரின் மத்தளம் தாங்கி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

எல்லாம் நிறைவு என்று சொல்லமாட்டேன். பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் ‘கரோசலாம்ப்ரா’வில் சிந்தசைசரின் இரைச்சலுக்குள் பிளான்றின் சொற்கள் அமிழ்ந்துபோகின்றன.

கேள்வி: 1982இல் லெட் செப்பலினின் ‘கோடா’ தொகுப்பு வெளிவந்ததே, அதுவல்லவா கடைசி?
– வாசகி ஒருவர், கல்முனை

பதில்: ஒலிப்பதிவுக் கூடத் தொகுப்புகளின் வெளியீட்டு வரிசையில் அதுவே கடைசி. ஆயினும் அது முன்னரே பதிவுசெய்து வெளியிடாதிருந்தவற்றின் திரட்டு. 1980 செப்டெம்பர் 25இல் பொனம் 32 வயதில் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் மற்ற மூவரும் குழுவை நிறுத்துவதாக அறிவித்தனர். ஆகவே ஒரு முழுத் தொகுப்பாக அவர்கள் நால்வரும் கூடி உருவாக்கியவற்றுள் ஸ்டொக்ஹோமில் பதிவானதே இறுதியானது, அப்போது அவர்கள் அதனை அறிந்திருக்கவில்லை. ‘கோடா’வையும் தவறாமல் கேளுங்கள்: அதே ஸ்டொக்ஹோம் நாட்களில் பதிவாகி ஒதுக்கப்பட்ட மூன்று பாடல்கள் அதில் உள்ளன. அவற்றுள் ‘வெயாரிங் அன்ட் ரெயாரிங்’ அக்காலத்தில் முரட்டு வேகத்துக்குப் பெயர்பெற்ற பங்க் றொக் குழுக்களின் வேகத்துக்குச் சற்றும் குறையாதது. அதில் பேஜின் கிற்றாரே முன்னுக்கு நிற்கிறது.