வக்கீல் நோட்டீஸ் வந்தால்?

கேள்வி: சிக்னலில் என் பழைய மாருதி முன்னால் நின்ற காரை லேசாக இடித்துவிட்டது. இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம், புதுப்பிக்க மறந்துவிட்டேன். இப்போது 38,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ். கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: நோட்டீஸ் தீர்ப்பல்ல. ஆனால் அலமாரியில் போட்டுவிடாதீர்கள், பதில் அனுப்புங்கள். ஒர்க்‌ஷாப் பில்லும் சேதத்தின் போட்டோவும் கேளுங்கள். பின்பக்க பம்பர் நசுங்கியதற்கு முன்பக்க ஹெட்லைட்டையும் சேர்த்த பில்லை நானே பார்த்திருக்கிறேன்! அவர் தன் இன்சூரன்ஸில் பணம் வாங்கிவிட்டாரா என்றும் விசாரியுங்கள். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை வாங்க முடியாது. தொகை நியாயம்தான் என்றால் தவணை பேசி, வங்கி வழியாகவே கொடுத்து, 'இனி பாக்கி இல்லை' என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், பாலிசியை இன்றைக்கே எடுங்கள். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.