பாட்டி கையில் பெற்றுக்கொள்ளட்டுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 27 வயது. கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். கொழுந்து கிள்ளும் வேலை. இப்போது இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். மார்கழி முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான்கு வருடம் முன்பு முதல் பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, சுகப்பிரசவம். ஆனால் வலியில் கத்தியதற்கு ஒருவர் தொடையில் அடித்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே வெட்டித் தையல் போட்டார்கள். பிள்ளை பிறந்ததும் ரத்தம் நிறையப் போய், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. என் அம்மாவைப் பெற்ற பாட்டி, அந்தக் காலத்தில் இந்த லயங்களில் எண்பது பிள்ளைகளுக்கு மேல் பிரசவம் பார்த்தவர். 71 வயதிலும் திடமாக இருக்கிறார். கணவர் போனில் வீட்டுப் பிரசவ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘ஆடு மாடெல்லாம் தானாகத்தானே ஈனுது, நாமும் இயற்கையாகப் பார்த்துக்கலாம்’ என்கிறார். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. பாட்டியைக் கேட்டால் பதிலே சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார். கூடவே, கடைசி மாதம் விளக்கெண்ணெய் குடிப்பது, குழந்தைக்கு வயம்பும் (வசம்பு) தேனும் வைப்பது, பிறகு எனக்குப் பிரசவ மருந்து, இதெல்லாம் சரியா? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, முதலில் உங்கள் தொடையில் விழுந்த அந்த அடியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அது தவறு. வலியில் இருக்கும் பெண்ணை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. கேட்காமல் வெட்டித் தையல் போட்டதும் தவறு. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டும் பழக்கத்தையே உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் முப்பது வருடத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவள் நான். எங்கள் பிரசவ அறைகளில் கேட்ட அதட்டல்களுக்காக எனக்கு வெட்கம் உண்டு. நீங்கள் வீட்டிலேயே பெற்றுக்கொள்ள நினைப்பதற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. பட்ட காயம்தான் உங்களை அப்படி நினைக்க வைக்கிறது.

ஆனாலும் உங்களுக்கு வீட்டுப் பிரசவம் வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியாக வந்துபோகும் அந்த ‘இரண்டு பாட்டில்’தான் காரணம்.

பிள்ளை வெளியே வந்த பிறகு நஞ்சு, அதாவது நச்சுக்கொடி, கர்ப்பப்பையிலிருந்து பிரிகிறது. அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்தபடி நிற்கும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அல்லது அதற்கு மேலும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் குழாய்களைச் சுற்றி, வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகத் தசைநார்கள் உண்டு. கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால் இந்த நார்கள் குழாய்களை நெரித்து அடைத்துவிடும். இறுகாமல் தொளதொளவென்று இருந்துவிட்டால் குழாய் திறந்த மாதிரிதான். நல்ல ஆரோக்கியமான பெண்ணையே இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். ஒருமுறை இப்படி ரத்தம் போனவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இதற்கு மருந்து இருக்கிறது, ஆக்சிடோசின் என்ற ஊசி. பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் போடுவோம். அதைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் வேறு ஊசிகள், ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்சாமிக் அமிலம் (இதை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்), ரத்தம், கடைசியில் ஆபரேஷன். எதில் நிற்கும் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லயத்திலிருந்து ஜீப் பிடித்து, குமுளி வந்து, லோயர் கேம்ப் மலைப்பாதை இறங்குவதற்குள் நேரம் கடந்துவிடும்.

உங்கள் பாட்டி ஏன் எழுந்து போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மழை இரவு, மலை மேலிருந்து ஒரு ஜீப் வந்தது. பின்சீட்டில் பிள்ளை பெற்ற பெண். பக்கத்தில் முழங்காலிட்டபடி ஒரு வயதான மருத்துவச்சி. ஒரு கையால் அந்தப் பெண்ணின் அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே மலை முழுவதும் இறங்கி வந்திருக்கிறார். ‘கையை எடுத்தா ஊத்துதும்மா’ என்றார். நாங்கள் ஊசி போட்டு, ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பை இறுகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். எந்தப் புத்தகமும் படிக்காத அவர் செய்தது, நான் கல்லூரியில் படித்த அதே முதலுதவி. அதே வருடம் இன்னொரு ஜீப்பும் வந்தது. அதில் நான் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. குழந்தை மட்டும் பழைய சேலையில் சுற்றி, கதகதப்பாக, நன்றாக இருந்தது. எண்பது பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர் இரண்டு விதமான ஜீப்பையும் பார்த்திருப்பார். ஒருநாள் தனியாக உட்கார்ந்து, ‘ரத்தம் நிக்காம போனது உண்டா பாட்டி’ என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். மாடு வளர்ப்பவர்களை விசாரித்தால், கன்று தலை மாட்டிக்கொண்டு இரவோடு இரவாகக் கால்நடை டாக்டரைத் தேடி ஓடிய கதை வீட்டுக்கு வீடு இருக்கும். அதிலும் நிமிர்ந்து நடக்கும் மனுஷிக்கு இடுப்பெலும்பு குறுகல், பிள்ளையின் தலையோ பெரிது. வீடியோவில் வருவது நல்லபடியாக முடிந்த பிரசவங்கள் மட்டும்தான். 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பள்ளி ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார். 2025 ஏப்ரலில் மலப்புறம் மாவட்டத்தில் ஐந்தாவது பிள்ளையை வீட்டில் பெற்ற ஒரு தாயும் அப்படித்தான் போனார். அது நடந்தது கேரளத்தில். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54, கேரளத்தில் 19 மட்டுமே. அவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்வதுதான். குழந்தையின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு முதல் மூச்சு எடுக்க யாராவது கொஞ்சம் உதவ வேண்டியிருக்கும். அதற்குக் கிடைப்பது ஒரு நிமிடம்.

சரி, இனி உங்கள் தேதியைப் பார்ப்போம். மார்கழி முதல் வாரம் என்றால் சபரிமலை சீசன் நடுவில். கூட்டம் ஏறும் நாட்களில் ஐயப்பன் வண்டிகளைக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். வண்டிப்பெரியாறு சாலை என்ன கதியாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்சே அதில் திணறும். கோட்டயம் மெடிக்கல் காலேஜ் போகலாம் என்றாலும் குட்டிக்கானம், முண்டக்கயம் என்று அந்தப் பக்கமும் மலை இறங்கியாக வேண்டும், அதுவும் ஐயப்பன்மார் போகும் சாலைதான். அதனால் கார்த்திகை பிறக்கும் முன்பே கீழே வந்துவிடுங்கள். கூடலூர், கம்பம் பக்கம் உறவு வீடு ஏதாவது இருந்தால் அங்கே தங்குங்கள். தலைப்பிரசவம் மட்டும்தான் தாய்வீட்டுப் பக்கம் என்ற முறையை இந்த ஒரு தடவை விட்டுவிடலாம். வேலை போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். மகப்பேறு சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், இரண்டாவது பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆபீசில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசு இல்லை என்பது 2011 முதல் நாடு முழுவதற்கும் உள்ள திட்டம். கேரள ரேஷன் கார்டு என்பதற்காகத் தயங்காதீர்கள். தாய்-சேய் அட்டையையும் பழைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். போன தடவை ரத்தம் ஏற்றியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உங்கள் ரத்த குரூப் என்ன, வீட்டில் யார் தருவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். நெகட்டிவ் குரூப்பாக இருந்தால் இந்த ஏழாம் மாதத்திலேயே ஒரு ஊசி உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இப்போதே தொடங்க வேண்டும். ஹீமோகுளோபின் பாருங்கள், 11-க்குக் கீழே இருக்கக் கூடாது. ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை தினமும் போடுங்கள், மலம் கறுத்துப் போவது பற்றிக் கவலை வேண்டாம். தோட்டத்து வீடுகளில் நான் பார்க்கும் ஒரு பழக்கம், சோற்றோடு சோறாகக் கட்டன்சாயா (பால் விடாத டீ) குடிப்பது. தேயிலையில் உள்ள துவர்ப்பு, இரும்பைக் குடலில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரையில் ஏறாவிட்டால் டிரிப்ஸில் ஏற்றலாம், ஆனால் அதற்கு நாள் வேண்டும். ஒன்பதாம் மாதம் வந்து கேட்டால் நாங்கள் என்ன செய்வது?

விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலைக் கிளறுகிற வேகத்தில் வலி வந்தாலும் வரலாம், ஆனால் வயிற்றுப்போக்கில் தண்ணீர்ச்சத்து எல்லாம் போய், பிள்ளை பெறும் நேரத்தில் தெம்பில்லாமல் கிடப்பீர்கள். சீரகத் தண்ணீர் குடித்துச் சூட்டுவலியா பிரசவ வலியா என்று பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, அதில் கெடுதல் ஒன்றுமில்லை. சும்மா படுத்து ஓய்வெடுத்தால் அடங்குவது சூட்டுவலி, அடங்காமல் நெருங்கி நெருங்கி வருவது நிஜ வலி. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ சீரகமெல்லாம் வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும்.

குழந்தைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் சேனை, அதாவது பிறந்ததும் நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்; கேரளத்துப் பக்கம் பொன்னும் வயம்பும் தேனும். எல்லையில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்! ஒரு வயது வரை தேன் நாக்கில் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து, விஷம் உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும், மூச்சே நின்றுபோகலாம். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று கொண்டாடுகிறோம். எனக்கும் என் அம்மா உரசிக் கொடுத்ததுதான். ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்த பிறகு, அதை உள்ளுக்குக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சடங்கு வேண்டுமென்றால் பாட்டி தன் சுத்தமான விரலில் உங்கள் சீம்பாலையே ஒரு சொட்டு தொட்டு வைக்கட்டும். அதன் பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம், காய விட்டால் தானே விழும். அந்த வழியாகத்தான் ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து ஒரு காலத்தில் பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோனது. 2015-ல்தான் இந்தியா அதை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், அடைத்த அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

உங்களுக்கான பிரசவ மருந்தில் பெரும்பாலும் நல்லதுதான். பூண்டு, வெந்தயக் கஞ்சி, முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். லேகியம் வீட்டில் கிண்டியதென்றால் ஒரு நெல்லிக்காய் அளவு. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்து கலந்து பெயர் ஒட்டாத டப்பாவில் வருவதைத் தொட வேண்டாம். வேதுக்குளியில் (மூலிகை வெந்நீர்க் குளியல்) தண்ணீர் இதமான சூட்டில் இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடிக்கக் கூடாது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்வதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் எளிதாக உறையும். தண்ணீர் குறைந்தால் காலிலும் மூளையிலும் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அப்படி வலிப்போடு தூக்கி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு திட்டமிட்டாலும் வழியிலேயே பிள்ளை பிறந்துவிடலாம். அப்படி நடந்தால் யாரும் கொடியை இழுக்கக் கூடாது, வெட்டவும் வேண்டாம். குழந்தையைச் சுத்தமான துணியால் துடைத்து, உங்கள் வெறும் மார்பில் போட்டு, மேலே மூடுங்கள். உடனே பால் கொடுக்க முயலுங்கள், அதில் கர்ப்பப்பை இறுகும். நஞ்சு தானாக விழுந்தால் பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதன் பிறகும் ரத்தம் ஊற்றினால் பாட்டி அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே வரட்டும். எப்படி என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு மாநிலத்திலும் எண் 108-தான்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கிறார்கள். ஒன்பதாம் மாதச் செக்கப்புக்கு வரும்போதே உங்கள் துணை பாட்டிதான் என்று சொல்லி வையுங்கள். நடக்கலாமா, குந்தி உட்காரலாமா என்று கேளுங்கள். வெட்ட வேண்டி வந்தால் சொல்லிவிட்டு வெட்டுங்கள் என்றும், பிள்ளையை உடனே என் மார்பில் போடுங்கள் என்றும் சொல்லுங்கள். உங்களுக்கு நாக்கு வராவிட்டால் பாட்டி சொல்லட்டும். உங்கள் இடுப்பை நீவிவிட அவர் கை இருக்கும், பக்கத்துக் குளிர்பெட்டியில் ஊசி இருக்கும். கார்த்திகைக்கு முன் கீழே இறங்கும்போது அவரையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.