கட்டுப் பிரித்த கை, வலிக்கும் முழங்கால், மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம்

கேள்வி: எனக்கு வயது 62. இரண்டு மாதத்துக்கு முன்பு குளியலறை வாசலில் தடுமாறி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. எலும்பு சேர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை. வலது முழங்காலில் நான்கைந்து வருடமாகத் தேய்மானம். வலிக்குப் பயந்து நடப்பதையே குறைத்துவிட்டேன். விழுந்ததிலிருந்து தனியாக எழுந்து நடக்கவே கலக்கமாக இருக்கிறது. பிசியோதெரபி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலி குறைந்த பிறகு ஆரம்பிக்கலாமா? முதலில் கைக்கா, காலுக்கா? இந்த வயதில் பேலன்ஸ் எல்லாம் திரும்பி வருமா?

பதில்: வலி குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள், கைக்கும் காலுக்கும் சேர்த்தே.

நீங்கள் மூன்று தொந்தரவுகளை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கதையாகத்தான் தெரிகின்றன. முழங்கால் வலித்தது, நடையைக் குறைத்தீர்கள். நடை குறைந்ததும் தொடைத்தசை மெலிந்திருக்கும். ஒரு நாள் கால் தடுமாறியபோது அந்தத் தொடையால் உடம்பை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை, கை போய்த் தரையில் ஊன்றியது. இப்போது கையை மட்டும் சரிசெய்துகொண்டு காலை அப்படியே விட்டால், அடுத்த தடவை முறிவது இடுப்பு எலும்பாக இருக்கலாம். எனக்கு அந்தக் கவலை இருப்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கையை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் குறைவு. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஏற்படும் இந்த முறிவுக்குக் கோலிஸ் முறிவு என்று பெயர். ஆபிரகாம் கோலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814லேயே, எக்ஸ்ரே வருவதற்கு 80 வருடம் முன்பே, இதை விவரித்து எழுதிவிட்டார். எலும்பு சேர்வதில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. எலும்பைச் சுற்றி இருப்பவைதான் இறுகிப் போகின்றன. இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, பிடித்துக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள். உள்ளே தசை துடிப்பது தெரியும். விரலை மடக்கும் முக்கியமான தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியாக விரல் நுனிவரை ஓடுகின்றன. விரலை நீட்டி மடக்கும்போது அந்தக் கயிறுகள் சில சென்டிமீட்டர் வழுக்கிப் போய் வர வேண்டும். ஆறு வாரம் அசையாமல் இருந்தால், வீக்கத்தின் நீர் தேங்கிய இடத்தில் அவை ஒட்டிக்கொள்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள உறையும் சுருங்கிவிடுகிறது. கட்டுப் போட்டிருக்கும்போதே விரல்கள், முழங்கை, தோள் மூன்றையும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். பலருக்கு அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. போகட்டும், இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

தண்ணீரின் சூட்டை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வலது கையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் விரல்களை ஐந்து நிலைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் விரல்கள் நேராக. அடுத்து அடிக்கணுக்கள் நேராகவே இருக்க, மேல் இரண்டு மூட்டுகளை மட்டும் மடக்கிக் கொக்கி போல. அடுத்து முழு முஷ்டி. அடுத்து அடிக்கணுக்களை மட்டும் மடக்கி, விரல்களை நேராக வைத்து மேசை போல. கடைசியாக அதே மேசையில் நடு மூட்டையும் மடக்கி, விரல் நுனிகள் உள்ளங்கையின் அடியைத் தொடும்படி. ஒவ்வொரு நிலையிலும் மூன்று முதல் ஐந்து விநாடி நில்லுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு நாலைந்து சுற்று. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்து கையை வீங்க வைப்பதைவிட, அஞ்சு நிமிடமாகப் பிரித்துப் பல தடவை செய்வது எவ்வளவோ மேல். மற்ற நேரத்தில் கையைத் தொங்கவிடாமல், உட்காரும்போது தலையணை மேல் நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் இறங்கும்.

கட்டுப் பிரித்ததும் முக்கால்வாசிப் பேர் முதலில் வாங்குவது ஒரு ஸ்பாஞ்ச் பந்து. நாள் முழுக்க அதை அமுக்குகிறார்கள். விரல் முழுதாக மடங்காத நிலையில் பந்து உதவாது. விரல்கள் பந்தில் இடித்து அங்கேயே நின்றுவிடும். கடைசிப் பாதி மடக்கு வரவே வராது. முதலில் விரல் நுனி உள்ளங்கையைத் தொடட்டும், பலம் அப்புறம் வரட்டும். இதை அளக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. முஷ்டி பிடிக்க முயற்சி செய்யுங்கள். நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கையின் மேல் ரேகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து யாரையாவது அளக்கச் சொல்லி, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது, வாரத்துக்கு ஒரு முறை போதும். ஐந்து சென்டிமீட்டர் இருந்தது மூன்றாக ஆனதைத் தாளில் பார்க்கும்போது, வலித்தாலும் செய்ய மனசு வருகிறது. இதைப் பலரிடம் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

மணிக்கட்டை விரலோடு சேர்த்தே கவனிக்க வேண்டும். நன்றாக இருக்கும் இடது கையில் ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கிக்கொண்டு இறுக்கமாக முஷ்டி பிடியுங்கள். முடியாது. இப்போது மணிக்கட்டைச் சற்று மேலே தூக்கிப் பிடியுங்கள். பிடி தானாக இறுகும். ஆக, மணிக்கட்டு மேலே எழாமல் கைப்பிடி பலப்படாது. உள்ளங்கைகளை மார்புக்கு முன்னால் கூப்பி, சேர்த்தபடியே மெதுவாகக் கீழே இறக்கினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து இழுபடும். சாவி திருப்ப முடியாததற்குக் காரணம் வேறு: முன்கை திரும்பவில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புங்கள், அப்புறம் கீழே. இதில் மேலே திருப்புவதுதான் கடைசியாக வரும், மனம் தளர வேண்டாம். கையை ஊன்றி எழுவது, வாளி தூக்குவது இரண்டையும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி பயிற்சியின்போது வரலாம். சற்று நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாள் காலை கை முன்பைவிட வீங்கி வலித்தால், நேற்று செய்தது அதிகம் என்று அர்த்தம். நிறுத்திவிடாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். வேறொருவர் விரலைப் பிடித்து முரட்டுத்தனமாக மடக்க மட்டும் விடாதீர்கள். அப்புறம் மூன்று அறிகுறிகளை மறக்கக் கூடாது. ஒன்று, பட்ட அடிக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு எரிச்சலான வலி, கையின் நிறமும் சூடும் மாறுவது, தோல் பளபளப்பது, மெல்லிய துணி பட்டாலே துடிப்பது. இரண்டு, கட்டைவிரலை மேலே தூக்க முடிந்தது திடீரென்று முடியாமல் போவது. ஒரு தசைநாண் அறுந்திருக்கலாம். மூன்று, கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் மரத்துப் போய் இரவில் எழுப்பிவிடுவது. இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை வைத்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போங்கள்.

இனி முழங்கால். எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘தேய்மானம்’. டயர் தேய்வதுபோல, நடக்க நடக்க மூட்டும் தேயும் என்று அந்தச் சொல் நம்ப வைக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போது மூட்டுக்குள் இருக்கும் திரவம் உள்ளே போய் வெளியே வருவதில்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, நாம் தேய்மானம் என்று சொல்லும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் நோய்க்கு 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோய் உள்ள எல்லோருக்கும் அவரவர் தேவைக்கேற்ற உடற்பயிற்சி தரச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், ‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்லும் டென்ஸ், அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி போன்ற சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்கிறது, போதிய பலன் தெரியவில்லை என்பதால். நானும் இதை அழுத்திச் சொல்கிறேன்: பத்து நாள் படுக்க வைத்துக் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் அதற்குப் பெயர் பிசியோதெரபி இல்லை.

உங்கள் முழங்காலுக்கு மருந்து தொடைத்தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்துவதில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் அடுத்ததற்குப் போகலாம்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக, தொப்பென்று விழாமல் உட்காருவது. கஷ்டமாக இருந்தால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். சுலபமாகச் சுலபமாக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே, ஆண்களுக்கு 14க்குக் கீழே இருந்தால், விழும் ஆபத்து இருக்கிறது என்று கொள்கிறோம். எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

கைத்தடி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். உங்களுக்கு வலிப்பது வலது முழங்கால், ஆகவே இடது கை. நல்லவேளையாக அதுதான் முறியாத கை. செருப்போ ஷூவோ போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்த வயதில் பேலன்ஸ் வருமா? வரும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. கால் பலத்துக்கும் நிலைதடுமாறாமைக்கும் வாரம் மூன்று நாள், கூடவே நடை. 1997ல் வெளியான அதன் முதல் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 80 வயதும் அதைத் தாண்டியவர்களுமான பெண்கள். பின்னால் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்திருந்தது. நீங்கள் 62.

நிற்பதற்கு உடம்பு மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். விழுந்து பயந்தவர்கள் தரையையே பார்த்து, சுவரைப் பிடித்து, அடியைச் சுருக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். பாதமும் காதும் வேலை இல்லாமல் மந்தமாகின்றன. வெறும் நடை இதைச் சரிசெய்யாது. கொஞ்சம் ஆடித் தடுமாறும் நிலையில் நின்று பழகினால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். சமையல் மேடையைப் பார்த்து நில்லுங்கள், பின்னால் கனமான நாற்காலி ஒன்று, கூட ஒருவர். பாதங்களை ஒட்டி வைத்து 10 விநாடி. அடுத்து ஒரு பாதம் பாதி முன்னால். அடுத்து ஒரு குதிகால் மற்றதன் பெருவிரலைத் தொட, ஒரே கோட்டில். அடுத்து ஒற்றைக் கால். மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் வாய்ப்பு அதிகம், அங்கே சிக்கினால் அங்கேயே பழகுங்கள். முதலில் இடது உள்ளங்கை முழுவதும் மேடையில் இருக்கட்டும். சில நாளில் இரண்டு விரல், பிறகு ஒரு விரல், பிறகு கையை மேடைக்கு ஓர் அங்குலம் மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் அங்குலத்தில்தான் பயம் கரைகிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் புது நிலை எதையும் முயற்சிக்காதீர்கள்.

சில விஷயங்கள் பயிற்சிக்கு வெளியே இருக்கின்றன. படுக்கையில் புரண்டால் சில விநாடி அறையே சுற்றுகிறதா? அது உள்காதுச் சிக்கலாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே தீர்ந்துவிடும். எழுந்ததும் கண் இருட்டுகிறதா? படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தடுமாற்றம் தரக்கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம், கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்திருப்பதால் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எத்தனை நாள் ஆகும் என்றால், விரல் மடக்கு முதல் ஒன்றரை மாதத்தில் நன்றாக முன்னேறும். கைப்பிடி பலம் மாதக்கணக்கில் ஏறும், ஒரு வருடம் வரைகூட மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருக்கும். காலிலும் பேலன்ஸிலும் வித்தியாசம் உணர இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், விழுந்த அன்று காலில் போட்டிருந்த செருப்பு மூன்றையும் எடுத்துப் போங்கள். அவர் கையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினால், “நான் விழுந்து கையை முறித்துக்கொண்டவள், நான் எழுந்து நடப்பதையும் ஒரு தடவை பாருங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள்.