வெள்ளைப் போர்வை மாரி மழையைத் தாங்குமா?

கேள்வி: எங்கள் கழகப் பிள்ளைகள் இரண்டு வருடமாக றக்பி பழகுகிறார்கள். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை மைதானம் சேறுதான். லண்டனில் இருக்கும் எங்கள் பழைய உறுப்பினர் ஒருவர், அங்கே ஒரு கழகம் கழித்துவிடுகிற வெள்ளைப் போர்வைகளை மலிவாக எடுத்துக் கப்பலில் போடலாம் என்கிறார். குளிர்காலத்தில் அதை விரித்துத்தான் அங்கே மைதானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். கப்பல் கூலியும் சுங்கமும் எங்கள் பொறுப்பு. வாங்கலாமா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: வேண்டாம். அவர் நல்ல மனத்தோடு சொல்கிறார், ஆனால் அந்தப் போர்வை வேறு நோய்க்கான மருந்து: மழைக்கல்ல, உறைபனிக்கு.

பனி என்று நாங்கள் ஒரே சொல்லால் சொல்வதால் வருகிற குழப்பம் இது. எங்கள் மார்கழிப் பனி புல்லை நனைத்துவிட்டு வெயில் ஏறப் போய்விடும். அங்கே மண்ணில் உள்ள ஈரமே உறைந்து நிலம் கல்லாகிறது. பூட்ஸின் குமிழ் மண்ணில் இறங்காது. மடக்கி விழுத்துவதே ஆட்டமாக உள்ள றக்பியில் அந்தத் தரையில் விழுந்தால் தலையும் தோளும் என்னவாகும்? அதனால்தான் நடுவர் காலையிலேயே வந்து குதிகாலால் குத்திப் பார்க்கிறார். போர்வையின் வேலை நிலத்தில் இருக்கிற சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பது. உறைவதற்கு முன்பே விரிக்க வேண்டும். ஒரு வாரம் விடாமல் உறைந்தால் அதுவும் தாங்காது. வசதியான மைதானங்கள் நிலத்துக்குள்ளேயே சூடேற்றுகின்றன. எடின்பரோவின் மரேஃபீல்டில் 1959 இலேயே மண்ணுக்கடியில் மின்கம்பி பதித்தார்கள், பிறகு அதைச் சுடுநீர்க் குழாய்களாக மாற்றினார்கள்.

அந்தப் போர்வைகளில் பெரும்பாலானவை புல் மூச்சுவிடுகிற மாதிரி நெய்த துணி. தண்ணீரை மறிக்காது. நம்பாவிட்டால் ஒரு சாண் துண்டைக் கடித உறையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பேணி வாயில் அதைக் கட்டி மேலே தண்ணீர் ஊற்றுங்கள். கீழே இறங்குவதைக் கண்ணால் காண்பீர்கள்.

சரி, தண்ணீர் புகாத தறப்பாள் வாங்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கிரிக்கெட்டில் மூடுவது நடுவில் உள்ள சிறு துண்டு. றக்பிக்கு 100 மீற்றர் நீளம், 70 மீற்றர் அகலம் வரை மூட வேண்டும். அந்தப் பரப்பில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் மூன்றரை இலட்சம் லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் எழுபது தடவை அள்ள வேண்டிய தண்ணீர். தறப்பாளுக்கு மேலே நிற்கிற அதை எங்கே விடப் போகிறீர்கள்? ஓட வாய்க்கால் இல்லாவிட்டால் தறப்பாளும் வீண்காசு.

உங்கள் பக்கம் செம்மண். இயல்பாகவே தண்ணீரை வேகமாக உறிஞ்சுகிற மண் அது. மழை விட்டும் தண்ணீர் நிற்கிறதென்றால் மேல்மண் மிதிபட்டு இறுகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் நிற்கிற இடத்தில் அலவாங்கால் இரண்டு சாண் ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். மேலே முரண்டுபிடித்து, கீழே இலகுவாக இறங்கினால் காரணம் அதுவே. எங்கள் வீட்டுக்கருகே ஒரு மைதானத்தில் மார்கழி மாதம் மேடை போட லொறியை உள்ளே விட்டார்கள். சில்லுப் பள்ளம் பங்குனியிலும் அப்படியே கிடந்தது, பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

ஆகவே காசை இதில் போடுங்கள். புரட்டாசிக்கு முன் இறுகிய இடமெல்லாம் நெருக்கமாகத் துளையிட்டு, அரித்த மணலைத் துளைகளில் நிரப்புங்கள். நடுவை மேடாக்கி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றடிக்கு மட்டும் திருப்ப வேண்டாம். கீழே சுண்ணாம்புக்கல், அழுக்கு நேரே குடிதண்ணீரில் போய்ச் சேரும். மணல் லோட் வாங்கும்போது அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட அது உதவும். சிப்பி ஓடு கலந்த மணலை இறக்கவே விடாதீர்கள், விழுகிற பிள்ளையின் முழங்காலைக் கிழிக்கும்.

கட்டாக்காலி மாடுகள் வராமல் படலையைச் சாத்துங்கள். பெருமழைக்கு அடுத்த நாள் பயிற்சியை விடுங்கள். தை வெயிலில் அறுகு தானாகப் படர்ந்து வெறுமையை மூடும். லண்டன்காரருக்கு மனமிருந்தால் அந்தக் கப்பல் கூலியை வாய்க்காலுக்குத் தரட்டும்.

கேள்வி: பெப்ரவரியில் பாரிஸில் மகளிடம் போகிறேன். மருமகன் ஆறு நாடுகள் றக்பி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கிறாராம். குளிரால் ஆட்டம் நின்றால் காசு திரும்புமா?
– நல்லூர் வாசகி

பதில்: கேட்டது நல்லது, அங்கே அப்படி நடந்திருக்கிறது அம்மா. 2012 பெப்ரவரி 11 இரவு, பிரான்ஸ்–அயர்லாந்து ஆட்டத்துக்குச் சனம் வந்து அமர்ந்த பிறகு, தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கையில் நிலம் உறைந்துவிட்டதென்று நிறுத்தினார்கள். அந்த மைதானத்தில் அப்போது நிலத்தடிச் சூடாக்கி இருக்கவில்லை. மார்ச் 4 இல்தான் ஆடினார்கள், 17–17 என்று சமனில் முடிந்தது.

ஆட்டம் ரத்தானால் ஒரு விதி, தள்ளிப்போனால் வேறு விதி, பாதியில் நின்றால் இன்னொன்று. இந்த மூன்றையும் டிக்கெட் எடுக்க முன்பே மருமகனை வாசிக்கச் சொல்லுங்கள். அதிகாரபூர்வ விற்பனையில் மட்டும் எடுக்கட்டும். கைமாறிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பினாலும் அது முதலில் வாங்கியவரிடம் போய்விடக்கூடும். ஆட்டம் தள்ளிப்போனால் புதிய திகதி உங்கள் வீசாவுக்குள் வருமா என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள்.